தராசுக்காரர் வீட்டு முன்கதவுப் போர்

ஊசியே வாளாகவும் விரற்கவசமே கேடயமாகவும் கொண்டு, முப்பத்தோராண்டுக் காலம் ஊராரின் இடுப்புச் சுற்றளவுகளையெல்லாம் தன் நெஞ்சகத்தே பூட்டிவைத்து, ஒருவர் அளவை மற்றொருவர் காதில் ஒருபோதும் போடாத நாவடக்கமுடையாளும், கழுத்திலே அளவுநாடாவை வெற்றிமாலையெனச் சூடி, அந்நாடாவின் நுனியிலே எட்டங்குல இரும்புச் சாவியொன்றைத் தொங்கவிட்டு, அடிக்கு அடி அது மார்பில் இடிக்க இடிக்க வீதியுலா வருபவளும், தராசுக்காரர் வீட்டுப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளருமாகிய தையல்காரி வாழ்க! அவள் கத்தரி வாழ்க! அவள் பாதம் பட்டுப் பட்டுத் தேய்ந்த தையல் மிஷினின் மிதிபலகை வாழ்க! சொல்லுக்கு அதிபதியாகிய தெய்வமே, இப்பெருங்கதையை உரைக்க என் நாவில் வந்து அமர்வாயாக. பழைய பெயிண்ட் டின்களின் அடியில் ஆடை கட்டி உறங்கும் சிறு தேவதைகளே, நீங்களும் எழுந்து வாருங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

தராசுக்காரர் வீடென்பது யாதெனின், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தராசு செய்து விற்றுப் பெருவாழ்வு வாழ்ந்த ஒருவர், தம் கடைக்குப் பக்கத்திலேயே எழுப்பிய மாடமாளிகை. மாடம் ஒன்று, மாளிகை என்று சொல்லத்தக்கது கீழே மூன்று அறை. ஏறும்போது பதினேழாகவும் இறங்கும்போது பதினாறாகவும் எண்ணிக்கை வரும் மாயப் படிக்கட்டு ஒன்றுண்டு. அதைப் பற்றிச் சங்கம் இருமுறை தீர்மானம் போட்டு இருமுறையும் எண்ணிப் பார்த்துக் களைத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு இருக்கிறது. மழை வந்தால் மேல்மாடியில் மூன்று பாத்திரங்கள் இருக்கும். கடை இடிந்து எத்தனையோ காலமாயிற்று, வீடு மட்டும் நிற்கிறது.

அவ்வீட்டைக் காக்க வாளுருவி நின்ற சங்கத்துச் சான்றோர் மொத்தம் ஐவர். அவருள் தலைவர், ஓய்வுபெற்ற பின்னும் ஓயாத ஹெட்மாஸ்டர். துணைத்தலைவர், ஆயிரம் டாக்டர்களின் கையெழுத்தையும் அச்செழுத்தைப் போல் வாசிக்கவல்ல அரும்பெருங் கண்ணோன், இருமலைக் கேட்ட மாத்திரத்தில் மாத்திரையின் பெயர் சொல்லும் ஞானி, மருந்துக்கடைக்காரர். இவர் நம் தையல்காரிக்கு அயலார் அல்லர். உடன்பிறந்த தங்கையைக் கைப்பிடித்தவர். மூன்றாமவர், செயலாளராகிய நம் நாயகி. நான்காமவர், போன வருடம் சேர்ந்த பல் டாக்டர். ஐந்தாவதாக அந்தத் தங்கை, கணவரோ அக்காவோ கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டுவிட்டு, கூட்டத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவருபவள்.

போர் மூண்ட காரணம் உரைப்பேன். பழங்கட்டடங்களைக் காக்கும் அரசுத் துறையிலிருந்து நான்கு பக்கப் படிவமொன்று வந்தது. அதைப் பூர்த்தி செய்தால், திங்கட்கிழமை காலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பார்த்துத் திருப்தியுற்றால் வீடு அரசுப் பட்டியலில் ஏறும். ஏறினால் மேல்மாடி ஓடுகளை மாற்றித் தருவார்கள். மூன்று பாத்திரங்களும் அடுக்களைக்குத் திரும்பும். ஒரு கேள்வியைக் காலியாக விட்டாலும் படிவம் வந்த வழியே போய்விடும். அப்படிவத்திலே, கடலில் முளைத்த கரும்பாறையென நின்றது பதினேழாம் கேள்வி: முன்கதவின் மூல நிறம் யாது?

தையல்காரி யோசிக்கவே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக வந்து போவோருக்கெல்லாம், ‘இந்தக் கதவு இருக்குதே, இது தராசுக்காரர் காலத்துப் பச்சை’ என்று தொட்டுக் காட்டியவள் அல்லவா? ‘பச்சை’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்து, படிவத்தைத் துணைத்தலைவர் பார்வைக்கு அனுப்பினாள். மாலையில் அது திரும்பி வந்தபோது, பச்சையின் மார்பைப் பிளந்துகொண்டு சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியிருந்தது. பக்கத்தில், மருந்துச் சீட்டைப் போல் கிறுக்கலாக அல்லாமல் முத்து முத்தாக, ‘நீலம்’ என்றிருந்தது.

அந்த நீலத்துக்குள்ளே எத்தனை ஆண்டுக் கனல் ஒளிந்திருந்தது என்பதை அறிந்தார் அறிவர். தையல்காரிக்கு முன் ஆறாண்டுகள் செயலாளராக இருந்து அந்தச் சாவியை ஆண்டவர் மருந்துக்கடைக்காரரே. தேர்தலில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்று, ‘அதனால என்ன, நம்ம குடும்பத்துக்குள்ளதானே’ என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கழற்றிக் கொடுத்தவர், அந்த மூன்றாவது கை தம் மனைவியுடையது என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் கணக்குப் போட்டுக் கண்டுகொண்டார். அன்றிலிருந்து குடும்ப விசேஷங்களில் அவர் கண் தையல்காரியின் முகத்தைப் பார்ப்பதில்லை, சாவியைத்தான் பார்க்கும்.

சாவிதான் அப்படி என்ன பெரிய சாவி என்பீர்களாயின், கேளுங்கள். வாரத்தில் ஆறு நாளும், ‘இங்க கொஞ்சம் புடிங்க, அங்க கொஞ்சம் விடுங்க, நாளைக்கே வேணும்’ என்னும் முப்படைத் தாக்குதலுக்கு நடுவே மிஷின் மிதிக்கிற அவளுக்கு, ஞாயிறு காலை பத்து மணி என்று ஒன்றிருந்தது. பார்வையாளர்கள் வருவது பதினொன்றுக்கு. பத்துக்கே போய்ப் பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளி, முன்னறையில் வெயில் விழும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் அந்த ஒரு மணி நேரமும் ஒன்றுமே செய்யாமல் இருப்பாள். உலகத்தில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்காத ஒரே மணி நேரம் அதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு அழுகை வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை மாலை அவசரக் கூட்டம். ஹெட்மாஸ்டர் மேசையைத் தட்டினார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார், நாற்காலி பின்னால் சரிந்தது, விண்ணும் மண்ணும் கேட்க அவர் உரைத்த வஞ்சினம் இது:

“கதவு நீலம், அண்ணி. இல்லைன்னு ஆச்சுன்னா இனிமே சாவிப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஆமான்னு ஆச்சுன்னா, சாவியக் கழட்டிக் குடுத்துடுங்க.”

நம் நாயகியும் எழுந்தாள். அளவுநாடா ஆடிற்று, சாவி இடித்தது, அவள் எதிர்வஞ்சினம் கூறினாள்:

“சரிங்க மாப்பிள்ளை. நாளைக்கே சுரண்டிப் பாத்துடுவோம். அடியில என்ன இருக்கோ அதான் மூல நிறம். அது பச்சை இல்லைன்னா, சாவிய நானே கழட்டி வெச்சுடுறேன்.”

சபை ஆரவாரித்தது, அதாவது பல் டாக்டர் ‘நான் சுரண்டித் தர்றேன்’ என்றார். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து போனதுமே தையல்காரி அதைத் திரும்ப விழுங்கப் பார்த்தாள். ஏனென்றால், கேட்போரே, அருகில் வாருங்கள், இதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது: அந்தப் பச்சை தராசுக்காரர் காலத்துப் பச்சை அன்று. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், செயலாளரான புதிதில், தன் கடை ஷட்டருக்கு அடித்தது போக அரை டின் மீந்திருந்ததைக் கண்டு, வீணாகப் போகிறதே என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே கதவைச் சாத்திக்கொண்டு அடித்த பச்சை. முதல் பார்வையாளர் ‘இது அந்தக் காலத்துப் பெயிண்டா?’ என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவைத்தாள். பிறகு நானூறு பேருக்குச் சொன்னாள். நானூற்றொன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது அவளே நம்பிவிட்டிருந்தாள். அதற்கு முன் இருந்த நிறமே மறந்துபோன அவளுக்கு இப்போது இருந்த ஒரே நம்பிக்கை, பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை இருக்கக்கூடாதா என்பதே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கதிரவன் தன் ஏழு குதிரைகளையும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, தென்றல் மூச்சடக்க, வாசலில் இருபுறமும் அணி வகுத்தன இரு சேனைகள். வலப்புறச் சேனை தையல்காரி. இடப்புறச் சேனை மருந்துக்கடைக்காரர். நடுவே நடுநிலை தவறாத ஹெட்மாஸ்டர், கையில் நோட்டுப் புத்தகம். தங்கை படியில் உட்கார்ந்து பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் தம் தோற்பையை விரித்தார். கொக்கிமுனையும் கூர்முனையும் தட்டைமுனையுமாகப் பதினோரு படைக்கலங்கள் பளபளத்தன. முகமூடி அணிந்தார். கதவின் முன் மண்டியிட்டார். தொழில் பழக்கம் விடுமா? கதவைப் பார்த்து, “கொஞ்சம் கூசும்” என்றார்.

முதற்கீறல் விழுந்தது. பச்சை சுருண்டு சுருண்டு எழுந்து, தையற்கடைத் தரையில் உதிரும் ஓரத்துணியைப் போல விழ, உள்ளங்கையகலம் திறந்த வாயிலினூடே, ஐயகோ, நீலம்! தெளிந்த நீலம், குழப்பத்துக்கு இடமில்லாத நீலம், எவ்விடத்தும் எவரும் பச்சையென்று சாதிக்க முடியாத நீலம்! மருந்துக்கடைக்காரர் இரு கையும் தூக்கினார். தையல்காரியின் கை தானாகவே நாடாவின் நுனிக்குப் போயிற்று. நாளை பத்து மணிக்கு அந்த ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், அதுவும் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு.

அவள் முடிச்சை அவிழ்த்தே விட்டிருப்பாள். ஆனால் வென்றவன் வாயே வென்றவனுக்குப் பகையான விந்தையைப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர் குனிந்து டாக்டரின் கையைப் பிடித்து, “போதும் டாக்டர், போதும். இதோட நிறுத்திக்கலாம். மரத்துக்கு நல்லதில்ல” என்றார்.

மரத்துக்கு நல்லதில்லையா? இரண்டு மணி நேரம் பேசினாலும் கதவைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத மனிதருக்கு மரத்தின் மேல் என்ன திடீர்க் கரிசனம்? தையல்காரி முப்பத்தோராண்டுகளாக மனிதர்களை அளந்தவள். மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு இடுப்பு அளவு கொடுப்பவரை அவளுக்கு எட்ட இருந்தே தெரியும். மைத்துனர் இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அந்த நீலத்தை மறுபடி பார்த்தாள். எங்கோ பார்த்த நீலம். தினமும் பார்க்கிற நீலம். மருந்துக்கடையின் பெயர்ப்பலகை நீலம்! அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டு முழங்கினாள்:

“அடியிலன்னா அடியிலதான். நீங்க சுரண்டுங்க டாக்டர்.”

மீண்டும் எழுந்தது கொக்கிமுனை. நீலம் பொருக்கு பொருக்காய் வீழ்ந்துபட, அதன் கீழிருந்து வெளிப்பட்டது இருளினும் இருண்ட கருமை, பளபளப்பில்லாக் கருமை, சாக்பீஸ் எடுத்து எழுதினால் எழுத்து அப்படியே நிற்கக்கூடிய கருமை. மெல்ல மெல்ல, பந்தியில் அப்பளம் சுற்றி வருவதுபோல, எல்லார் பார்வையும் சுற்றி வந்து ஹெட்மாஸ்டரிடம் நின்றது. முப்பதாண்டுகளுக்கு முன் சங்கத்துச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அதே ஆண்டில் பள்ளிக்கூடத்தின் கரும்பலகைகளுக்குப் புதுப் பூச்சு நடந்தது.

“இது வெறும் அழுக்கு. நீங்க அடுத்ததுக்குப் போங்க” என்றார் ஹெட்மாஸ்டர், நோட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே.

போனார்கள். அடுத்தது மஞ்சள். கொழுத்த, எண்ணெய் மினுக்குள்ள, நெடுஞ்சாலையில் ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் தெரியத்தக்க மஞ்சள். சங்கத்தைத் தோற்றுவித்த பெருந்தகை, காலஞ்சென்ற லாரிக்காரர். முன்னறைச் சுவரில், தம் மஞ்சள் லாரியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு படமாக இருப்பவர். திறந்த கதவின் வழியாக எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். படம் வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருந்தது.

இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? மானம் போன சேனைகளுக்கு வெறி பிடித்தது. ‘கீல் பக்கம் பாருங்க, அங்க வேற மாதிரி இருக்கும்’ என்றாள் தையல்காரி. ‘பூட்டுப் பக்கம் பாருங்க’ என்றார் மைத்துனர். ஹெட்மாஸ்டரே ஒரு தட்டைமுனையை எடுத்துக்கொண்டு கீழ்ப்பலகையைத் தாக்கினார். ஒருவர் சுரண்ட ஒருவர் ஊத, ஒருவர் ஊத ஒருவர் தும்ம, பச்சையும் நீலமும் கருமையும் மஞ்சளும் கலந்து பறந்து மூவர் தலையிலும் படிய, குருக்ஷேத்திரத்துப் புழுதியும் நாணித் தரையில் அடங்கும்படி, ஒன்றரை மணி நேரம் நடந்தது அந்தப் பெரும்போர். பதினொன்றுக்கு டாக்டர் மட்டும் இடைவேளை விட்டு டீ குடித்தார்.

முடிவில், கதவின் நட்டநடுவில், மஞ்சளுக்கும் அடியில், மரம் தெரிந்தது. வெறும் மரம். அதன்மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. தராசுக்காரர் காலத்தில் அக்கதவுக்கு நிறமென்பதே இருந்ததில்லை. டாக்டர் முகமூடியை இறக்கி, மரத்தில் இன்னும் நெருக்கமாகக் குனிந்து, “இதுல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு” என்றார்.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குறிப்பேட்டின் அதே எழுத்து. வால் நீண்ட ‘க’, தொப்பி கழன்ற ‘த்’. எந்தக் கையெழுத்தையும் படிக்கவல்ல மருந்துக்கடைக்காரரே முழங்காலிட்டு, நூற்று நாற்பதாண்டு மௌனத்தைக் கலைத்து, உரக்கப் படித்தார்:

“கடைக் கதவுக்கு அடித்தது போக மீதி இருந்தால் இதற்கு.”

அவ்வளவுதான். மீதி இருக்கவில்லை போலும். அதை வாசித்த பிறகுதான் லாரிக்காரருக்கு அந்த யோசனையே வந்ததோ என்னவோ, யார் கண்டது? முதலில் சிரித்தவர் யார் என்று சங்கத்து ஏடுகளில் குறிப்பில்லை. ஆனால் ஹெட்மாஸ்டர் படியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்ததைத் தெருவே பார்த்தது. சிரித்து முடித்ததும் படிவத்தை முழங்காலில் வைத்து, சிவப்புக் கோட்டையும் பச்சையையும் நீலத்தையும் அடித்துவிட்டு, பதினேழாம் கேள்விக்கு எதிரே, தமக்கே உரிய குண்டெழுத்தில் எழுதினார்: ‘மீதி.’

ஆயினும் வஞ்சினம் வஞ்சினமல்லவா? பச்சையும் தோற்றது, நீலமும் தோற்றது. தையல்காரி வாய்தவறாதவள். நாடாவின் முடிச்சை அவிழ்த்து, சாவியைப் பிளாஸ்க்கின் பக்கத்தில் படிமேல் வைத்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவள் மார்பில் ஒன்றும் இடிக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. சாவி வெயிலில் கிடந்தது. ஹெட்மாஸ்டருக்கு முழங்கால் வலி. டாக்டருக்கு ஞாயிறுதான் நோயாளிகள் கூட்டம். மருந்துக்கடைக்காரர் சாவியைப் பார்த்தார். கை ஒரு சாண் நீண்டது. பாதி வழியில் நின்றது.

அப்போதுதான் எழுந்தாள், அதுவரை இக்காவியத்தில் டீ ஊற்றுவதன்றி வேறொரு வீரமும் காட்டாத தங்கை. குனிந்தாள். சாவியை எடுத்தாள். மஞ்சளும் நீலமும் படிந்த கணவரின் தலையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு இவர எழுப்புறதுக்கு என்னால ஆகாது. நீயே வெச்சுக்கோக்கா.”

சொல்லிக்கொண்டே சாவியை நாடாவின் நுனியில் கட்டி, ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டாள். மைத்துனர் ஆட்சேபிக்கவில்லை. “அண்ணி, பதினோரு மணிக்கு வேணா நான் வந்து டிக்கெட் கிழிக்கிறேன்” என்றார். பதினொன்றுக்குத்தானே, வரட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

எஞ்சியது கதவு. சொறி பிடித்தாற்போல் நிற்கும் அக்கதவை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை அதிகாரியை எப்படி வரவேற்பது? பென்சில் எழுத்தின் மேல் ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்துவிட்டு, மற்ற இடத்துக்கெல்லாம் தராசுக்காரரின் திருவுள்ளப்படியே, அவர் ஆணையில் ஒரு சொல்லும் பிசகாமல், மீதியையே பூசுவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாரிடம் மீதி இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். முப்பதாண்டு மூத்த கருமையும் பத்தொன்பதாண்டு மூத்த பச்சையும் தீர்ந்து எத்தனையோ காலம். பிளாஸ்க்கை மூடிக்கொண்டே தங்கை சொன்னாள்: “பாப்பா ரூமுக்கு அடிச்சது போக வீட்ல அரை டின் கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?”

ஆகவே, மாநிலத்தீரே, தேவரும் முனிவரும் வானில் நெருங்கி நின்று காண, நால்வகை நிறங்களும் தத்தம் மமதை ஒழிந்து மண்ணோடு மண்ணாகிப் பெருக்குமாற்றின் வாய்ப்பட்டுப் போக, அளவுநாடா அணிந்த அண்ணலாள் ஒரு கையில் தூரிகையும், மருந்து மலையன்ன மைத்துனர் மறு கையில் டின்னும் ஏந்தி, பகை மறந்து, தோளோடு தோள் உரசி, ஞாயிறு காலைப் பத்து மணிக்கு முன்பாகவே பூசி முடித்து, மறுநாள் வந்த அதிகாரி கதவைத் தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டிக்கொண்டதைத் துடைக்காமலே படிவத்தில் கையொப்பமிட்டு, அவர் பெருவிரல் ரேகை அவ்வீட்டு வரலாற்றில் அழியாது பதிந்து, மேல்மாடிக்கு ஓடு வந்து, மூன்று பாத்திரங்களும் அடுக்களை சேர்ந்து, புகழ் எட்டுத் திக்கும் பரவி ஓங்க, அவ்வீரக் கதவு நிற்கின்ற கோலத்தை என்னென்று உரைப்பேன், எவ்வாறு உரைப்பேன், எந்நாவால் உரைப்பேன்!

கதவு இப்போது ரோஸ் கலரில் இருக்கிறது.